சத்தமாச் சொல்லுங்கோ

கனடாவுக்கு வந்து, டான்ஃபோர்த் வீதியில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கோப்பை கழுவித் தொடங்கியவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. ஆங்கிலம் இல்லை. கொண்டுவந்தது இரண்டு கையும்தான். அந்தக் கையால் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். மோர்னிங்சைட்டில் நான் இருக்கும் வீட்டை உள்ளே முழுவதும் உடைத்துத் திரும்பக் கட்டியவன் நானே. யூனியன்வில்லில் என் இரண்டு பெண்களின் வீட்டுச் சமையலறைகளும் என் வேலை. ஸ்காபரோவில் எத்தனை பேஸ்மென்ற் கட்டிக் கொடுத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. அவற்றில் குடியிருந்து பிள்ளை பெற்று, வீடு வாங்கிப் போனவர்கள் இன்றைக்கும் பிளாசாவில் கண்டால் கை காட்டுவார்கள். கோயிலில் செருப்பு வைக்கும் தட்டுகள் நான் அடித்தவை. கல்யாண மண்டபங்களில் மணமேடைகள் போட்டேன். உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் என் மேடையில் ஏறித்தான் தாலி கட்டினார்கள். ஒரு மேடையும் ஆடவில்லை. மேலே நின்றவர்கள் ஆடியிருக்கலாம், அதற்கு நான் பொறுப்பில்லை. பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபோது, இனி இவன் எழும்ப மாட்டான் என்றார்கள். எழும்பி வந்து அடுத்த கோடையில் மூன்று வீடுகளுக்குப் பின்பக்கம் மரத்தில் டெக் போட்டேன்.

இப்போது நம் மூத்தோர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். படித்தவர்கள் தங்கள் வாத்தியார்மாரைப் பற்றி எழுதுவார்கள். என்னை நினைவு வைத்த வாத்தியார் யாருமில்லை, நானும் அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நான் எழுதப் போவது நாடகம் போட்ட அக்காவைப் பற்றி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எந்த ஊர், ஆரின் மகள், எந்தப் பக்கம் என்று தோண்டத் தொடங்கி விடுவீர்கள். அந்தத் தோண்டலைப் பற்றித்தான் கதையே.

டோர்செட் பார்க்கில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சங்கம் கூடும் அறையில்தான் அவரை முதலில் பார்த்தேன். புதன்கிழமை. தேநீர் வேளை. என் பக்கத்தில் இரண்டு பெண்கள், யாரோ ஒருத்தியின் மகள் புருஷனை விட்டு வந்ததைக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அறையின் மறுகோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன பிள்ளையள், மெல்லக் கதைக்கிறியள்? சத்தமாச் சொல்லுங்கோ. நல்ல கதையெண்டா எல்லாரும் கேக்கட்டும். கூடாத கதையெண்டா, சொன்ன ஆளை எல்லாரும் பாக்கட்டும்."

அந்தப் பெண்கள் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட, உயரம் குறைந்த மனுசி. வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கோபமே இல்லை. கேட்டுவிட்டுத் தன் தேநீருக்குச் சீனி போட்டார்.

அதுதான் அவர். வேறு என்ன எழுதினாலும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் வரும். ஆங்கிலம் தெரியாத முதியவர்களுக்குத் துணையாக டொக்டரிடம் போவார், மொழிபெயர்த்துச் சொல்ல. ஒருமுறை ஒரு பெரியவர் தன் மூத்திரப் பிரச்சினையை அவர் காதுக்குள் சொன்னாராம். "சத்தமாச் சொல்லுங்கோ அண்ணை, டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வெக்கப்பட வேண்டியது என்னட்டை மட்டும்தான், நானோ வெக்கப்பட மாட்டன்." அந்தப் பெரியவர் யார் என்று கேட்காதீர்கள். நான் இல்லை.

அவருடைய கணவர்தான் அப்போது நம் சங்கத் தலைவர். நல்ல மனிதர். நேரத்துக்கு வருவார், எல்லோரையும் அரவணைத்துப் போவார், ஆனால் என்ன சொல்கிறார் என்று முன்வரிசைக்கே கேட்காது. ஒலிவாங்கியை உதட்டில் ஒட்டிப் பிடித்தாலும் தேனீ பறக்கிற சத்தம்தான் வரும். அவர்கள் வீட்டுக் குளியலறைக்கு நான் ஓடு பதித்த நாட்களில் கவனித்தேன். அவர் ஏதோ முணுமுணுப்பார். அக்கா எழுந்து போய்ச் சரியாக அதைக் கொண்டுவந்து கொடுப்பார். ஊர் முழுவதையும் சத்தமாச் சொல்லச் சொன்ன மனுசி, தன் மனுசனை மட்டும் ஒருநாளும் சொல்லச் சொன்னதில்லை.

ஓடு முடிந்த கையோடு ஒரு படம் மாட்டித் தரச் சொன்னார். மீசை அரும்பிய ஒரு இளைஞன். "என்ர தம்பி," என்றார். "இன்னும் கொஞ்சம் உயர மாட்டும்." நான் ஆணி அடிக்கத் தொடங்கியதும் தலைவர் எழுந்து வெளியே போய், பனி இல்லாத படிக்கட்டைக் கூட்டினார்.

அந்தப் படத்தின் கதையை வீட்டில் என் மனுசி சொல்லித்தான் அறிந்தேன். தம்பி ஊரில் ஆயுதம் தூக்கிய ஒரு இயக்கத்தில் இருந்தவன். தலைவர் இளவயதில் இன்னொரு இயக்கத்துக்குப் பேச்சாளர். அந்த நாட்களில் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. தலைவரின் இயக்கத்து ஆட்கள் தம்பியைத் துவக்கால் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தலைவருக்கு அதில் கை இல்லை. ஆனால் அக்காவுக்கும் அவருக்கும் ஏற்கெனவே காதல். கட்டினார்கள், கனடாவுக்கு வந்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தச் சாவைப் பற்றி அந்த வீட்டில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

சங்கத்து ஆண்டு விழாவுக்கு நாடகம் போடலாம் என்றார் அக்கா. ஊரில் பல்கலைக்கழகத்தில் கிரேக்க நாடகம் படித்தவர் அவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். கிரேக்கம் என்றதும், ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு மாஸ்டர், "அழுகிற நாடகமோ?" என்று கேட்டார்.

"அழுதது போதும் மாஸ்டர். அவையிட்ட சிரிக்கிற நாடகமும் இருந்தது. ஊர் முழுக்க வெயிலுக்குள்ள குந்தியிருந்து பாக்கும். ரெண்டே ரெண்டு விசயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுவினம். எவன் நாட்டைக் கெடுக்கிறான், ஆருக்கு ஆரில ஆசை. ரெண்டையும் ஒளிக்க மாட்டினம். கெடுக்கிறவன் முன்வரிசையில இருப்பான், பேரைச் சொல்லியே பகிடி பண்ணுவினம்."

"ஆசையை எப்பிடி அக்கா காட்டுறது?" இது என் மனுசி.

"ஆம்பிளையள் தோலால ஒண்டு செய்து முன்னுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு வருவினம்."

தலைவரின் தேநீர் மூக்கால் வந்தது. பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பை இன்றுவரை அந்த அறை மறுபடி கேட்கவில்லை. எனக்கு மட்டும் அதிர்ச்சி இல்லை. நான் கோப்பை கழுவிய கடையின் கிரேக்கச் சமையல்காரர் நாள் முழுக்க அந்த உறுப்பின் பெயரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவார். கூடியிருந்தவர்களில் கிரேக்கம் தெரிந்தவர் அக்காவுக்கு அடுத்து நான் என்று அன்றே சொன்னேன்.

தோலுக்குப் பதிலாக என்ன செய்வது என்ற பிரச்சினையை நான் தீர்த்தேன். பனி தள்ளுகிற சவள். ஒவ்வொரு ஆணும் ஒரு சவளோடு வருவான். ஆசை ஏறினால் சவள் நிமிரும், கதவு திறக்காவிட்டால் தாழும். அக்கா என் முதுகில் தட்டினார். "தம்பி, நீர் அந்தக் காலத்தில பிறந்திருந்தா உமக்குப் பரிசு தந்திருப்பினம்."

நாடகத்தை அவரே எழுதினார். கதை இதுதான். ஒரே ஊருக்கு ஸ்காபரோவில் இரண்டு சங்கம், கிழக்குச் சங்கமும் மேற்குச் சங்கமும். ஒரே நாளில் ஒரே பூங்காவில் இரண்டு ஒன்றுகூடல், இரண்டு கூழ்ப்பானை. பெண்களுக்குச் சலித்துப் போகிறது. இரண்டு சங்கமும் ஒன்றாகும்வரை படுக்கையறைக் கதவு திறக்காது என்று எல்லோரும் சத்தியம் பண்ணுகிறார்கள். ஒவ்வொருவனாக வந்து தட்டுவான். உள்ளேயிருந்து, "எந்தச் சங்கம்?" என்று கேள்வி வரும். கிழக்கென்றாலும் மேற்கென்றாலும் திறக்காது. கடைசியில் வருகிற ஒருவன், "ஒரு சங்கமும் இல்லை, உன்ர மனுசன், எனக்கு ஆசையாக் கிடக்கு," என்று சொல்லுவான். அப்போது திறக்கும். அவ்வளவுதான்.

நடுவில் கதை நின்றுவிடும். அது கிரேக்க வழக்கமாம். ஆட்டக்காரர் கூட்டத்தின் தலைவன் முன்னால் வந்து சனத்தைப் பார்த்து நேரே கதைப்பான். இதைச் செய்தது நாங்கள், எங்களைவிட ஆர் இருக்கினம், பரிசைத் தாருங்கள் என்று கேட்பான். இதற்கு ஆள் யார் என்று கேட்டதும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன். செய்தவன் சொன்னால் என்ன குறை?

ஒத்திகையில் பெரும் பாடு அந்தக் கடைசி வசனம். கடைசி மனுசனாக நடித்த மாஸ்டருக்கு அது வாயில் வரவே இல்லை.

"எனக்கு... ஒரு... இதாக் கிடக்கு."

"என்ன இது? சத்தமாச் சொல்லுங்கோ மாஸ்டர்."

"விருப்பமாக் கிடக்கு."

"விருப்பம் எண்டுறது தோசைக்கு. இது ஆசை. வாயைத் திறந்து சொல்லுங்கோ, வெளியில போற பஸ் நிக்க வேணும்."

மாஸ்டர் வியர்த்துப்போய் உட்கார்ந்தார். நான் சொல்லிக் காட்டட்டுமா என்று எழுந்தேன். "இரும், உமக்கும் வராது," என்றாள் என் மனுசி, "எனக்குத் தெரியாதோ?" திரும்பவும் சிரிப்பு. அன்று வீட்டுக்குப் போகும் வழியில், காரில் நான் அதை அவளுக்குச் சொன்னேன். "றோட்டைப் பாத்து ஓட்டும்," என்றாள். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்.

இனித்தான் வினை. விழாவுக்கு விளம்பரத்தாள் அடிக்கக் கொடுத்தோம். நாடகத்தை ஆக்கி நடத்துகிறவருக்கு நாங்கள் "நெறியாள்கை" என்று போடுவோம். அச்சகத்துக்காரர் இந்தியாவிலிருந்து வந்தவர். அங்கே அதற்கு "இயக்கம்" என்று போடுவார்களாம். அவர் தன் வழக்கத்தில் பெரிய எழுத்தில் "இயக்கம்" என்று போட்டு, அதன் கீழே அக்காவின் பெயரைப் போட்டு, நல்ல சிவப்பில் அடித்து, தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் ஒட்டியும் விட்டார். அவருக்கு இயக்கம் என்றால் நாடகம். எங்களுக்கு இயக்கம் என்றால் துவக்கு.

தலைவரின் ரெலிபோன் ஓயவில்லை. "அண்ணை, அக்கா எந்த இயக்கம்?" பகிடிக்குக் கேட்டவர்கள் பாதி. மற்றப் பாதி பகிடி இல்லை. ஒருவர் தெளிவாகவே கேட்டார்: "அவ தம்பியின்ர இயக்கமோ, உங்கட இயக்கமோ?"

அடுத்த புதன்கிழமை தலைவர் எழுந்து நின்று, நாடகம் வேண்டாம், தாளை எல்லாம் கிழித்துவிடலாம் என்றார். அவர் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. சத்தமாச் சொல்லுங்கோ என்று அவரிடம் சொல்லவில்லை. மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார், பின்னேரம் என் வேலைக் கொட்டிலுக்கு வந்தார். அங்கே நான் மேடைக்கான கதவைச் செய்துகொண்டிருந்தேன்.

"கதவை முடியும் தம்பி. நாடகம் நடக்கும்."

"அண்ணை வேண்டாமெண்டு..."

"அவருக்குத்தான் நான் எழுதினனான். சனத்துக்கில்லை." நான் அறுத்துப் போட்ட பலகையில் உட்கார்ந்தார். "உமக்குத் தெரியாது. கம்பஸில மைக் இல்லாமல் அவர் கூட்டத்தில கதைச்சா மைதானத்தின்ர அங்கால் பக்கம் கேக்கும். அந்தக் குரலிலதான் நான் விழுந்தனான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பன், உடம்பெல்லாம் கூசும். என்ர தம்பி செத்த அண்டைக்கு அந்தக் குரல் இறங்கினது. இண்டைவரைக்கும் எழும்பேல்லை. அது பிழையெண்டு அவர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா... நான் கேக்கேல்லை. கேட்டுப் போட்டு, அவர் சொல்லாமல் விட்டா நான் என்ன செய்யிறது?"

கதவு பாதியில் நின்றது. அதை முடித்தேன்.

விழா நடந்த மண்டபத்தின் மேடை நான் போட்டதல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளம் ஒருபக்கம் சரிவு. என் கதவைச் சட்டத்தோடு நிறுத்திப் பார்த்தால், கொண்டி போடாவிட்டால் தானாகத் திறந்துகொண்டு போனது. கொண்டி போட்டால் உள்ளே நிற்பவர்களுக்குச் சட்டென்று எடுக்க வராது. ஆகையால் கதவுக்குப் பின்னால் நானே நின்று கையால் பிடிப்பது என்று முடிவு. நடுவில் முன்னுக்குப் போய் என் பேச்சைப் பேசி, கைதட்டல் வாங்கிக்கொண்டு, திரும்பவும் கதவுக்குப் பின்னால் வந்துவிட்டேன்.

தலைவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். தலைவருக்கான கதிரையில், முன்வரிசையில் உட்கார்ந்தார். விளம்பரத்தாளில் இருந்த அந்தச் சொல்லாலோ என்னவோ மண்டபம் நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கிழக்கான் தட்டினான், மேற்கான் தட்டினான், சவள்கள் நிமிர்ந்து தாழ்ந்தன, சனம் சிரித்துச் சிரித்துக் கண் துடைத்தது. கடைசிப் பெண்ணாக அக்காதான் கதவுக்குப் பின்னால் என்னோடு நின்றார். மாஸ்டர் வந்து தட்டினார்.

அக்கா எழுதியபடி கேட்கவில்லை. நல்ல உரத்த குரலில் கேட்டார்: "ஆர் வெளியில? எந்த இயக்கம்?"

சிரிப்பு அறுந்தது. மாஸ்டருக்குப் பதில் தெரியவில்லை. கதவு இடுக்கால் பார்த்தேன், சவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். சுவரோரத்தில் இரண்டு பேர் வெளியே போனார்கள். அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு கதிரை நகர்ந்தது. தலைவர் எழுந்து, படியில் கவனமாகக் கால்வைத்து மேடைக்கு ஏறினார். மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் சவளை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். தலைவர் அதை ஊன்றிக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றார். வழக்கம்போல் முணுமுணுத்தார்.

"இஞ்சேர்... நான்தான்..."

அவ்வளவுதான். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. என் முழங்கையை விட்டுவிட்டுக் கதவின் பிடியில் கைவைத்து இழுத்தார்.

நான் விடவில்லை.

"விடும் தம்பி," என்றார் மெல்ல. மெல்ல! அந்த வாயால்!

ஊரில் ஒருத்தரையும் மெல்லக் கதைக்க விடாத மனுசி, தன் மனுசன் என்றதும் ஒரு முணுமுணுப்புக்குக் கதவைத் திறக்கப் போனார். இன்றைக்குத் திறந்தால் அந்தப் படத்துக்குக் கீழே இருவரும் இனி இருக்கும் காலம் முழுவதும் இதேபோல் இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. தோளைக் கொடுத்துக் கதவை அழுத்திப் பிடித்தேன். பிடித்தபடி, முழு மண்டபத்துக்கும் கேட்கக் கத்தினேன்:

"சத்தமாச் சொல்லுங்கோ அண்ணை!"

சனம் அதை நாடகம் என்று நினைத்துச் சிரித்தது. தலைவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உன்ர தம்பியைச் சுட்டது எங்கட ஆக்கள். அது பிழை. அண்டைக்கே பிழையெண்டு சொல்லியிருக்க வேணும், பயத்தில சொல்லேல்லை. பேந்து வெக்கத்தில சொல்லேல்லை. இப்ப எனக்கு ஒரு இயக்கமும் இல்லை. உன்ர மனுசன். எனக்கு உன்னில ஆசை. அண்டைக்கு இருந்த மாதிரியே கிடக்கு. கதவைத் திற."

ஒலிவாங்கி இல்லை. மண்டபத்தின் பின்கதவுக்கு வெளியே சிகரெட் பிடித்தவர்கள்கூட உள்ளே ஓடிவந்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் கையை எடுத்தேன். தளத்தின் சரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நாடகத்தைத் தொடர யாருக்கும் தோன்றவில்லை. இருவரும் வாசலில் நின்றார்கள், சவள் இடையில் விழுந்து கிடந்தது. சிலர் அழுதார்கள். சிலர் இது மேடையில் சொல்லுகிற கதையா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். பின்வரிசையில் யாரோ விசிலும் அடித்தார். அடுத்த ஆண்டு அவர்கள் மகளோடு இருக்கக் கல்கரிக்குப் போய்விட்டார்கள். போகும்முன் அக்கா ஒருநாள் ரெலிபோன் எடுத்தார். "தம்பி, இந்த மனுசன் இப்ப கத்துற கத்தில என்ர காது போகுது," என்றார். வைக்கும்போது சிரித்தார்.

மலரைத் தொகுக்கிற பிள்ளைகளே, அதற்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் விழாக் குறிப்பை நேற்றுக் காட்டினீர்கள். அதில் "தலைவரின் உருக்கமான உரை" என்று இருக்கிறது. சரி. "நெறியாள்கை" என்று அக்காவின் பெயர் இருக்கிறது, மிகச் சரி. அதற்குக் கீழே, "இறுதிக் காட்சியில் கதவு இறுகிக்கொண்டதால் சிறிது தாமதம் ஏற்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால், "அப்பிடித்தானே அங்கிள் எல்லாரும் சொல்லினம், வேலை கொஞ்சம் பிழைச்சுப் போச்செண்டு," என்கிறீர்கள்.

நான் செய்த கதவு எதுவும் இதுவரை இறுகியதில்லை. வேண்டுமானால் யூனியன்வில்லுக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டுகிறேன். அன்றைக்கு அந்தக் கதவு இறுகவில்லை. நான் பிடித்தேன். அந்த வரியை வெட்டிவிட்டு, கதவைப் பிடித்தவர் என்று என் பெயரைப் போடுங்கள். சின்ன எழுத்தில் வேண்டாம்.